ரேமுக்கு மட்டும் அடிக்கிற ஷாக்

வட சென்னையில், எங்கள் பழைய வண்ணாரப்பேட்டையில் ரேமை, அதாவது கம்ப்யூட்டரின் நினைவக அட்டையைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்க்கத் தெரியாத பையனே கிடையாது. கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா, திரையில் ஒன்றும் வரவில்லையா, பீப் பீப் என்று கத்துகிறதா? பக்கவாட்டு மூடியைக் கழற்று, ரேமை உருவு, பள்ளிக்கூடப் பையிலிருந்து அழிரப்பரை எடு, தங்க நிறத்தில் இருக்கிற பற்களைத் தேய், ஊது, திரும்பச் செருகு. பாதி நேரம் வேலையும் செய்துவிடும். காசிமேட்டுக் கடல் பக்கமிருந்து வருகிற உப்புக் காற்று எந்த உலோகத்தையும் சும்மா விடாது. பற்களின் மேலும் ஸ்லாட்டுக்குள்ளேயும் அழுக்குப் படலம் கட்டும். கழற்றிச் செருகினாலே அது கொஞ்சம் உரிந்துபோகும். பெயர் என்னவோ ரப்பருக்குத்தான்.

போன மாதம் எதிர்வீட்டுப் பையன் அதே வேலையில் இருந்தான். பிளஸ் டூ படிக்கிறான். பிளாஸ்டிக் நாற்காலியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். உடம்பில் பளபளவென்று ஒரு கால்பந்து ஜெர்சி, இடது கையில் ரேம், வலது கையில் ரப்பர். பிளக்கைக் கழற்றி ஓரமாகப் போட்டிருந்தான். அந்த மட்டும் சந்தோஷம்.

"டேய், அதைக் கீழே வை" என்றேன்.

"இன்னாண்ணா? பிளக்கைத்தான் புடுங்கிட்டேனே, எப்டி ஷாக் அடிக்கும்?"

"உனக்கு அடிக்காதுடா. ரேமுக்குத்தான் அடிக்கும்."

கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரித்தான். அன்றைக்கு அவனை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

ஓடாத மின்சாரம்

வயரில் ஓடுகிற மின்சாரத்தைப் பற்றி நமக்குத் தெரியும். ஓட வழியில்லாமல் ஒரு பொருளின் மேலேயே தங்கிப்போகிற மின்சாரமும் உண்டு. அதுதான் நிலைமின்சாரம். இரண்டு பொருட்கள் ஒட்டிப் பிரியும்போது ஒன்றிலிருந்து கொஞ்சம் எலக்ட்ரான்கள் மற்றதற்குத் தாவிவிடும். கொடுத்ததற்கு நேர் மின்னேற்றம், வாங்கியதற்கு எதிர் மின்னேற்றம்.

சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுத்துக் காட்டித்தான் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதனால் தேய்த்தால்தான் வரும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தேய்க்கவே வேண்டாம், ஒட்டியிருந்தது பிரிந்தாலே போதும். செல்லோ டேப்பைச் சர்ரென்று இழுத்தால் அதுவாகவே கையில் வந்து ஒட்டிக்கொள்ளும். தெர்மாகோலை உடைத்தால் அந்த வெள்ளைத் துகள் விரலை விட்டுப் போகவே போகாது. பூங்காவில் பிளாஸ்டிக் சறுக்கில் இறங்கி வருகிற குழந்தைக்குச் சில நாள் முடி நட்டுக்கொண்டு நிற்கும். எங்கள் பேட்டைத் துணிக்கடைகள் இருக்கிற எம்.சி. ரோட்டில் ஆசையாக வாங்கிய பாலியெஸ்டர் புடவை நடக்க விடாமல் காலைச் சுற்றிக்கொள்கிறது என்று வீட்டில் புலம்பியிருப்பார்கள். எல்லாம் இதே சமாசாரம்தான்.

பிளாஸ்டிக், தெர்மாகோல், பாலியெஸ்டர் எல்லாம் மின்சாரத்தைக் கடத்தாதவை. சேர்ந்த மின்னேற்றம் சேர்ந்த இடத்திலேயே கிடக்கும். உலோகம் அப்படியில்லை, ஒரு நுனியைத் தொட்டாலே மொத்தமும் கொட்டிவிடும். மனித உடம்பு கிட்டத்தட்ட உலோகத்தின் கட்சி. ஃபோம் மெத்தை நாற்காலியிலிருந்து எழுந்தால் உடம்பில் மின்னேற்றம் ஏறிவிடும். பிறகு எந்த உலோகத்தை முதலில் தொடுகிறோமோ அதன் தலையில் இறக்கிவைத்துவிடும். அது கதவுத் தாழ்ப்பாளாக இருந்தால் 'சுரீர்' என்பதோடு முடிந்தது. ரேமின் பல்லாக இருந்தால்தான் வம்பு.

3000 வோல்ட்டும் ஒரு சொட்டுத் தண்ணீரும்

விரலில் 'சுரீர்' என்று தெரிய வேண்டுமென்றால் உடம்பில் சுமார் 3000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். கேட்பவர்கள் நம்ப மாட்டார்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தானே, அதற்கே ஆள் போய்விடுகிறதே என்பார்கள். நியாயமான கேள்விதான்.

வோல்ட் என்பதைத் தண்ணீர் நிற்கிற உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டை மாடித் தொட்டி உயரத்தில் இருக்கிறது, தண்ணீரும் நிறைய இருக்கிறது. குழாயைத் திறந்தால் கொட்டிக்கொண்டே இருக்கும். வீட்டு மின்சாரம் அந்த மாதிரி. நிலைமின்சாரமோ ஐந்தாவது மாடியிலிருந்து விழுகிற ஒரே ஒரு சொட்டு. உயரம் அதிகம், தண்ணீர் ரொம்பக் கொஞ்சம். மின்னேற்றத்தைத் தேக்கிவைப்பதில் மனித உடம்பு மிகச் சின்னப் பாத்திரம். அதன் கொள்ளளவை 100 பிக்கோஃபாரட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 3000 வோல்ட் ஏறினாலும் அதில் இருக்கிற ஆற்றல் அரை மில்லிஜூலுக்கும் குறைவு. நம் தலையில் ஒரு சொட்டு விழுந்தால் துடைத்துக்கொண்டு போய்விடுவோம். கீழே எறும்பு இருந்தால் அதன் கதை வேறு.

எறும்புதான் இங்கே சிப், ரேமின் மேல் கறுப்பாக ஒட்டியிருக்கிற சில்லு. ஒரு சிப்புக்குள் இருக்கிற டிரான்சிஸ்டர் (மின்சாரத்தைத் திறந்து மூடுகிற நுண்ணிய சுவிட்ச்) ஒவ்வொன்றுக்கும் 'கேட்' என்று ஒரு பகுதி உண்டு, குழாய்க்குத் திருகு மாதிரி. அந்தக் கேட்டுக்குக் கீழே மின்சாரத்தைக் கடத்தாத ஒரு படலம் இருக்கும். தடிமன் சில நானோமீட்டர்தான். நம் தலைமுடி ஒன்றின் தடிமன் பல பத்தாயிரம் நானோமீட்டர் என்றால் இது எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிலிக்கான் டை ஆக்சைடு படலம் ஒரு நானோமீட்டருக்குச் சுமார் 1 வோல்ட் வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால் ஓட்டை விழும். விழுந்த ஓட்டையை அடைக்க வழியே கிடையாது.

சிப் செய்கிறவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அதனால்தான் சிப்பின் ஒவ்வொரு காலுக்குப் பக்கத்திலும் வெள்ளம் வந்தால் திருப்பிவிடுகிற வாய்க்கால் மாதிரி ஒரு பாதுகாப்புச் சுற்று வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவு தாங்கும் என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. மனித உடம்புக்குப் பதிலாக 100 பிக்கோஃபாரட் கெபாசிட்டரில் மின்னேற்றத்தைத் தேக்கி, 1500 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) வழியாகச் சிப்பின் காலில் கொட்டுவார்கள். வெகு காலமாக 2000 வோல்ட் தாங்க வேண்டும் என்பது வழக்கமான இலக்கு. பிறகு தொழிற்சாலைகளில் பாதுகாப்பு நன்றாக இருப்பதால் 1000 வோல்ட் தாங்கினாலே போதும் என்று இறக்கிவிட்டார்கள். 2000 வோல்ட்டை 1500 ஓமால் வகுத்துப் பாருங்கள், 1.3 ஆம்பியர் வருகிறது. ஒரு நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லாத நேரத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத கம்பிகள் வழியாக 1.3 ஆம்பியர்!

ஆக, சிப் 1000 வோல்ட்டிலேயே தடுமாறலாம். நமக்கோ 3000 வோல்ட் ஆனால்தான் தெரியவே தெரியும். இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எத்தனை முறை அடித்தாலும் கையில் ஒன்றும் தெரியாது, பொறி பறக்காது, சத்தம் வராது. "எனக்கு ஒண்ணுமே தெரியலியே" என்று சொல்வதற்கு இந்த விஷயத்தில் அர்த்தமே கிடையாது.

இன்னொரு சங்கடமும் உண்டு. அடிபட்ட சிப் உடனே செத்துத்தான் போக வேண்டும் என்பதில்லை. படலம் பாதி பழுதாகி, அன்றைக்கு ஒழுங்காக ஓடி, சில வாரமோ மாதமோ கழித்துத் திடீர் திடீரென்று நீலத் திரை காட்டும். அதற்குள் நாம் விண்டோஸை மூன்று முறை புதிதாகப் போட்டிருப்போம்.

"நம்ம ஊர்ல ஏதுண்ணா ஸ்டேட்டிக்?"

அந்தப் பையன் அடுத்துக் கேட்டது இதுதான். சரியான கேள்வி. யூடியூபில் பார்க்கிற அமெரிக்கக்காரர்களுக்குத் தரையெல்லாம் கம்பளம். குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டுக் காற்றை வறட்டிவைத்திருப்பார்கள். நமக்கோ வருஷம் முழுக்கப் பிசுபிசுப்பு. கொடியில் போட்ட துணி காய மாட்டேன் என்கிறது. இங்கே எப்படி நிலைமின்சாரம் சேரும்?

பாதி உண்மை. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் பொருட்களின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலம் ஒட்டும். அது வழியாக மின்னேற்றம் மெல்லக் கசிந்து போய்விடும். மின்னணுத் தொழிலில் ஒரு பழைய அட்டவணை உண்டு. காற்றில் ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கும்போது கம்பளத்தில் நடந்தால் உடம்பில் 35,000 வோல்ட் வரை ஏறலாம்; 65 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அதே நடைக்கு 1500 வோல்ட். மேசையிலிருந்து ஒரு பாலித்தீன் பையை எடுத்தால் வறண்ட காற்றில் 20,000, ஈரக் காற்றில் 1200.

குறைந்துவிட்டதே என்று நிம்மதியாகாதீர்கள். 1500, 1200 என்ற எண்கள் எங்கே விழுகின்றன என்று பாருங்கள். சிப் தடுமாறுகிற 1000-க்கு மேலே, நமக்குத் தெரிகிற 3000-க்குக் கீழே! எங்கள் கடற்காற்று நிலைமின்சாரத்தை ஒழித்துவிடவில்லை. நமக்குத் தெரிகிற அளவிலிருந்து ரேமுக்கு மட்டும் தெரிகிற அளவுக்கு இறக்கிவைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

அதிலும் எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. கத்திரி வெயில் சமயத்தில் கடற்காற்று உள்ளே வரத் தாமதமானால் மேற்கேயிருந்து அனல் காற்று வறட்டிக்கொண்டு வரும். ஏ.சி. போட்ட அறையில் எந்த மாதமானாலும் ஈரம் இறங்கிவிடும். என் கதை அப்படிப்பட்ட அறையில் நடந்ததுதான்.

சொந்தக்காரர் ஒருவர் தண்டையார்பேட்டையில் சின்னதாக ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். எட்டுக்குப் பத்து அறை, எட்டு கம்ப்யூட்டர், எப்போதும் ஏ.சி. தீபாவளிக்கு மறுநாள் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போயிருந்தேன். முழுக்க செயற்கை நூல் என்பது போட்டவுடனேயே வியர்வையில் தெரிந்துவிட்டது. சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்கு உருண்டு உருண்டு போய், நல்லாயிருந்த ஒரு ரேமை உருவி இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தேன். ஓடவில்லை. சரி என்று பழைய இடத்திலேயே திரும்பப் போட்டேன். அங்கேயும் ஓடவில்லை. ஒரு பொறியும் பார்க்கவில்லை, ஒரு சுருக்கும் உணரவில்லை. நிலைமின்சாரம்தான் கொன்றது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. இந்த விஷயத்தில் யாராலும் முடியாது, பிரேதப் பரிசோதனைக்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். ஆனால் காலையில் ஓடிய ரேம் என் கை பட்ட பிறகு ஓடவில்லை. புது ரேம் என் காசில் வந்தது. அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு அதற்கப்புறம் எந்த கேபினெட்டையும் திறந்ததில்லை.

ஒரே மட்டம்

இனி என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். 'எர்த் செய், எர்த் செய்' என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, பூமியோடு இணைத்தால்தான் தப்பிக்கலாம் என்று ஒரு நினைப்பு வந்துவிட்டது. உண்மையில் வேண்டியது அதைவிடச் சுலபமான ஒன்று. இரண்டு குடத்தில் தண்ணீர் ஒரே மட்டத்தில் இருந்தால், நடுவில் குழாய் போட்டு இணைத்தாலும் ஒரு சொட்டு ஓடாது. உங்கள் உடம்பும், கேபினெட்டும், அதற்குள் எல்லா உறுப்பையும் தாங்கியிருக்கிற பெரிய அட்டையான மதர்போர்டும், கையில் இருக்கிற ரேமும் ஒரே மின் மட்டத்தில் இருந்தால் போதும். அந்த மட்டம் பூமியின் மட்டமாக இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை.

அதற்கு ஆகிற செலவு பூஜ்யம். கேபினெட்டின் வெற்று உலோகத்தை வெறுங்கையால் தொடுங்கள், முடிந்தது. ஆனால் வெற்று உலோகம் என்பதில்தான் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த பக்கத்தைத் தொட்டால் பெயின்ட்டைத்தான் தொடுகிறீர்கள், இரும்பை அல்ல. பின்பக்கம் எஸ்.எம்.பி.எஸ்.ஸை, அதாவது கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டியைப் பிடித்திருக்கிற நான்கு ஸ்க்ரூக்கள் இருக்கும், இல்லையென்றால் யு.எஸ்.பி., ஆடியோ ஓட்டைகளைச் சுற்றி வெள்ளி நிறத் தகடு இருக்கும். அதைத் தொடுங்கள். ஒரு முறை தொட்டால் நாள் முழுக்கத் தாங்காது; நாற்காலியிலிருந்து எழுந்தால், நடந்தால், சட்டை உரசினால் மறுபடி ஏறும். வேலை நடக்கும்போது இடது முழங்கையோ மணிக்கட்டோ கேபினெட்டின் உட்பக்கத்தில் பெயின்ட் இல்லாத தகட்டில் சாய்ந்தபடியே இருக்கட்டும். பழகிவிட்டால் அது தானாக நடக்கும்.

புது ரேம் பையிலிருந்து வெளியே வரும்போதும் இதே கணக்குத்தான். ஒரு கை கேபினெட்டின் உலோகத்தில் இருக்கட்டும், மறு கையில் பை. சில நொடி அப்படியே பிடித்திருந்துவிட்டுப் பையைப் பிரியுங்கள். ரேமை இரண்டு ஓரங்களில் பிடியுங்கள், பற்களில் விரல் படக் கூடாது. யாருக்காவது கொடுப்பதென்றால் முதலில் அவர் கையைத் தொட்டுவிட்டு அப்புறம் கொடுங்கள். கை குலுக்குகிற மாதிரிதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

உட்காரும் இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கைத்தறிக் கைலி, பருத்தி பனியன், வெறுங்கால், சிமென்ட் தரை. தொழிற்சாலையில் லட்சக்கணக்கில் செலவழித்துக் கடத்தும் தரையும் தனிச் செருப்பும் போட்டுச் செய்கிற வேலையில் முக்கால்வாசியை நம் வீட்டுத் தாத்தா வேஷமே செய்துவிடுகிறது. வெறுங்காலில் சேர்ந்தது சிமென்ட் தரை வழியாக நின்றபடிக்கே வடிந்துபோகும். கம்ப்யூட்டரைக் கட்டில் மேல் போட்டுப் பிரிப்பதுதான் மோசம். ஃபோம் மெத்தை, அதன் மேல் பாலியெஸ்டர் விரிப்பு. தரையில் இறக்கி வையுங்கள்.

தெர்மாகோல், பாலித்தீன் கவர், செல்லோ டேப் எல்லாவற்றையும் ஓர் அடி தள்ளி வைக்க வேண்டும். இவற்றை எர்த் செய்யவே முடியாது. சேர்ந்த மின்னேற்றம் நகராது என்று முன்னாலேயே பார்த்தோம். தொடாவிட்டாலும், பக்கத்தில் இருப்பதாலேயே போர்டில் மின்னேற்றத்தை இடம்பெயரச் செய்யும். அந்தச் சமயத்தில் நீங்கள் போர்டைத் தொட்டால் அது உங்கள் வழியாகப் பாயும். மதர்போர்டை வைக்க அது வந்த அட்டைப்பெட்டியே போதும்.

அப்புறம் அந்த ரப்பர். அதுவும் உரசுகிற பொருள், துகளும் உதிர்க்கும், பற்களின் மேல் இருக்கிற மெல்லிய தங்கப் பூச்சையும் சுரண்டும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாக நனைத்துத் துடைத்து, காயவிட்டுச் செருகுங்கள். ஆத்திர அவசரத்துக்கு ரப்பர்தான் கிடைத்தது என்றால் கேபினெட்டைத் தொட்டபடி மெதுவாகச் செய்யுங்கள், நான் பார்க்கவில்லை. தூசு தட்ட நைலான் பிரஷ்ஷும் வேண்டாம், வீட்டு வேக்யூம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கும் வேண்டாம். காற்று உறிஞ்சும்போது தூசு உரசி அந்த மூக்கில் நன்றாகவே மின்னேற்றம் சேரும். ப்ளோயர் அடித்தால் ஃபேன் சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பிளக் சொருகியிருக்கட்டுமா, கழற்றட்டுமா என்று பெரிய சண்டையே உண்டு. மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கிற பெரிய பின் எர்த். சுவரில் சுவிட்சை அணைத்தாலும் எர்த் தொடர்பு அறுபடாது, அதனால் சொருகியே வை என்பது ஒரு கட்சி. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் பேஸுக்கு (மின்சாரம் வருகிற கம்பி) பதிலாக நியூட்ரலில் (அது திரும்பிப்போகிற கம்பி) சுவிட்ச் போட்டு வைத்திருப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அங்கே சுவிட்சை அணைத்தாலும் கம்ப்யூட்டருக்குள் பேஸ் இருக்கும். கற்றுக்கொள்கிறவர்கள் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். கழற்றிய பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். மிச்சம் மீதி வடிந்து, மதர்போர்டில் எரிகிற சின்ன விளக்கு அணைந்துவிடும். லேப்டாப் என்றால் உள்ளே பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்ற வேண்டும். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் பிரிக்கவே பிரிக்காதீர்கள். அதற்குள் இருக்கிற பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். இது மொட்டை மாடித் தொட்டி வகை, சொட்டு வகை அல்ல.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதே?

நிலைமின்சாரம் என்று பேச ஆரம்பித்தாலே யாராவது ஒருவர் இதைக் கேட்பார். "எங்க வீட்டு சி.பி.யூ.வைத் தொட்டா எப்பவும் ஷாக் அடிக்குது. ஸ்டேட்டிக்தானே?" இல்லை. நிலைமின்சாரம் ஒரு முறை அடித்துவிட்டுப் போய்விடும். தொட்டுக்கொண்டே இருக்கும்போது விரலில் ஊசி ஊர்வது மாதிரி தொடர்ந்து சுர்ரென்றால் அது வீட்டு மின்சாரத்தின் கசிவு.

காரணம் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலேயே இருக்கிறது. மின்சாரம் நுழைகிற இடத்தில் இரைச்சலை வடிகட்ட இரண்டு சின்ன கெபாசிட்டர்கள் வைத்திருப்பார்கள். ஒன்று பேஸிலிருந்து இரும்புக் கூட்டுக்கு, இன்னொன்று நியூட்ரலிலிருந்து அதே கூட்டுக்கு. எர்த் ஒழுங்காக இருந்தால் அந்தக் கசிவு பூமிக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கேபினெட் 230-இல் பாதியாக, கிட்டத்தட்ட 115 வோல்ட்டில் நிற்கும். டெஸ்டர் வைத்தால் மினுக்கும். கசிவின் அளவு ஒரு மில்லி ஆம்பியருக்கும் கீழே என்பதால் ஆளை ஒன்றும் செய்யாது. ஆனால் கம்ப்யூட்டருக்கும் டி.வி.க்கும் நடுவில், இரண்டும் ஓடிக்கொண்டிருக்கும்போதே எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினால், இந்த மட்ட வித்தியாசம் அந்தப் போர்ட் (கேபிள் செருகுகிற துளை) வழியாகப் பாய்ந்து அதைக் கருக்கிவிடலாம். ஸ்டேட்டிக்கால் போனது என்று என்னிடம் வந்த போர்ட்களில் பாதிக்கு மேல் இந்தக் கேஸ்தான் என்பது என் எண்ணம். இரண்டையும் அணைத்துவிட்டுச் செருகுங்கள்.

எர்த் இருக்கிறதா என்று பார்க்க மூன்று ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தால் போதாது. சந்தையில் மலிவாகக் கிடைக்கிற எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்களில் மூன்று ஓட்டை இருக்கும், வரும் வயரில் இரண்டு இழைதான் இருக்கும். மேல் ஓட்டை வெறும் அழகுக்கு. பிரித்துப் பார்த்தால் பச்சை ஒயரே இருக்காது. சுவர்ப் பெட்டியைச் சோதிக்க எலக்ட்ரீஷியனை அழைத்து, மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் 230-ஐ ஒட்டி வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஊசி ஊர்வதாக இல்லாமல் கையை உதறுகிற அளவுக்கு அடித்தால் அது இந்தச் சின்னக் கசிவே இல்லை. அந்த நிலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்யாதீர்கள்.

பட்டையும் பையும்

மாதத்துக்கு ஒரு முறை கேபினெட்டைத் திறக்கிறவர் என்றால் மணிக்கட்டுப் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளலாம். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். பட்டையின் உட்புறத்தில் ஒரு உலோகத் தகடு, அதிலிருந்து சுருள் வயர், நுனியில் முதலைக் கிளிப். தகடு தோலில் பட வேண்டும், சட்டைக் கைக்கு மேல் கட்டினால் பிரயோஜனம் இல்லை. கிளிப்பும் பெயின்ட் இல்லாத உலோகத்தில்தான் கடிக்க வேண்டும்.

அந்த வயருக்குள் 1 மெகாஓம் ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருக்கும். நிலைமின்சாரம் மெதுவாக வடிய அது தடையில்லை. தப்பித்தவறி நீங்கள் 230 வோல்ட்டைத் தொட்டுவிட்டால், அந்த வயர் வழியாக 0.23 மில்லி ஆம்பியருக்கு மேல் ஓடவிடாது. உயிரைக் காப்பது அதுதான். இதனால்தான் பட்டை எதற்கு, செப்புக் கம்பியை மணிக்கட்டில் சுற்றி மறுமுனையை எர்த் பின்னில் சொருகுகிறேன் என்கிற யோசனையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. ரேமைக் காப்பாற்றப் போய் ஆள் போய்விடுவான். வயரே இல்லாத பட்டை என்று ஒன்று விற்கிறார்கள். மின்னேற்றம் போவதற்கு வழியே இல்லாத பட்டை அது. அந்தக் காசுக்குப் பன் பட்டர் ஜாம் சாப்பிடலாம்.

பைகளில் இரண்டு வகை. இளஞ்சிவப்புப் பை தானாக மின்னேற்றத்தைச் சேர்க்காது, ஆனால் வெளியேயிருந்து வருவதைத் தடுக்காது. வெள்ளி மாதிரி பளபளக்கிற பையில் மெல்லிய உலோகப் படலம் இருப்பதால் அதுதான் உண்மையான கவசம், ஓட்டை விழாமல் இருக்கிற வரைக்கும். பையின் பாதுகாப்பு உள்ளே வைத்தால்தான். மேலே வைத்தால் இல்லை. போர்டை வெள்ளிப் பையின் மேல் விரித்து ஆன் செய்து பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம், அது மின்சாரத்தைக் கடத்தக் கூடியது.

பழைய ரேமை நண்பருக்குக் கொடுக்க வேண்டும், வெள்ளிப் பை இல்லை, என்ன செய்வது? கேரி பேக்கில் போட்டு எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வழி முழுக்க உரசிக்கொண்டே போகும். சாப்பாடு கட்டுகிற அலுமினிய ஃபாயில், உபயோகிக்காத துண்டாகப் பார்த்து, அதில் சுற்றி ஒரு சின்ன அட்டைப்பெட்டி மாதிரி எதிலாவது வையுங்கள். ரேமுக்கு அது போதும். மதர்போர்டுக்கு மட்டும் ஃபாயில் கூடாது. அதில் ஒரு பட்டன் பேட்டரி இருக்கிறது, ஷார்ட் ஆகும்.

எல்லாம் செய்து, மூடியைப் போட்டு, பிளக்கைச் சொருகி ஆன் செய்த பிறகும் திரை இருட்டாகவே இருந்தால் உடனே ரேமைச் சாகடித்துவிட்டோம் என்று பதறாதீர்கள். எதிர்வீட்டுப் பையனுக்கும் அன்றைக்கு அப்படித்தான் ஆனது. முகம் வெளிறி என்னைப் பார்த்தான். மறுபடி பிளக்கைக் கழற்றி, ஸ்க்ரூவைத் தொட்டு, டார்ச் அடித்துப் பார்த்தோம். ரேம் ஒரு பக்கம் மட்டும்தான் உட்கார்ந்திருந்தது. இரண்டு ஓரத்திலும் கட்டை விரலை வைத்து, 'டக்' என்று கொக்கி விழுகிற வரைக்கும் அழுத்தினான்.